கூடைப்பந்தின் கதையும் பிந்திய ஒரு திருத்தமும்

கடந்த தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ரொறன்ரோவிலிருந்து என் மகள்வழிப் பேரன் தொலைபேசியில் அழைத்தான். பதின்மூன்று வயது. படிப்பைவிடக் கூடைப்பந்தாட்டத்திலேயே கெட்டிக்காரன் என்று தாய் குறைபட்டுக்கொள்வாள். நான் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. "அம்மப்பா, என்ர பந்து செத்துப்போச்சு" என்றான். கராஜில் வைத்திருந்த பந்து. முதல் கிழமை விளையாடியபோது நன்றாக இருந்ததாம். இப்போது நிலத்தில் போட்டால் சோம்பேறிபோல் எழும்புகிறதாம். ஓட்டை விழுந்துவிட்டது என்பது அவன் முடிவு. புதியது ஒன்று வாங்கவேண்டும் என்பது அதன்வழி அவன் எடுத்த அடுத்த முடிவு. வெளியே எவ்வளவு குளிர் என்று கேட்டேன். பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகை என்றான். "பந்தை வீட்டுக்குள் கொண்டுவந்து வை. பம்மைத் தொடாதே. பின்னேரம் எடுத்துப் போட்டுப் பார்" என்று சொன்னேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். விளையாட்டுப் பக்கத்தில் எத்தனையோ ஆட்டங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். யார் எத்தனை புள்ளி பெற்றார், எந்த நிமிடத்தில் ஆட்டம் திரும்பியது, நடுவர் எங்கே தவறினார் என்றெல்லாம் எழுதியவன், பந்தைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை. பந்து என்பது அங்கே எப்போதும் இருக்கின்ற பொருள். அதற்கு ஒரு வரலாறு உண்டு என்று தோன்றவில்லை. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. பந்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் நான் மறைத்து வைத்த ஒன்றையும் எழுதவேண்டிவரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

கூடைப்பந்தாட்டம் பிறந்தபோது கூடைப்பந்து என்று ஒன்று இருக்கவில்லை. 1891 மார்கழியில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் தம் மாணவர்களுக்காக இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். அவர் கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் பிறந்தவர். வெளியே பனி; மாணவர்களோ முரடர்கள்; உடற்பயிற்சிக் கூடத்துக்குள் ஆடக்கூடிய ஓர் ஆட்டம் வேண்டும் என்பது கல்லூரியில் அவருக்கு மேலே இருந்த லூதர் குலிக்கின் கட்டளை. பெட்டிகள் கேட்டார், காவலாளி கொண்டுவந்து கொடுத்தவை பீச் பழக் கூடைகள். அவற்றைப் பத்து அடி உயரத்தில் மாடிக் கைப்பிடியில் ஆணியடித்தார். பத்து அடி என்பது யாரும் ஆராய்ந்து வகுத்த அளவன்று. அந்த மாடி அந்த உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கும் உலகமெங்கும் வளையம் அதே உயரத்தில்தான் நிற்கிறது.

பந்துக்கு அவர் உதைபந்தை எடுத்தார். அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார். றக்பி பந்தின் வடிவமே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடு என்று சொல்லும் வடிவம். ஓடுவதைத் தடுப்பதே அவருடைய நோக்கம். உருண்டையான உதைபந்தை அப்படி ஒளிக்கமுடியாது. இரு கைகளாலும் ஏந்தி எறியத்தான் வேண்டும். அணிக்கு ஒன்பது பேராக ஆடிய முதலாவது ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. கூடைக்கு அடி இருந்தபடியால் பந்தை எடுக்க ஏணி வைத்து ஏறவேண்டியிருந்தது.

அவர் எழுதிய பதின்மூன்று விதிகளில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதைப் பற்றி ஒன்றும் இல்லை. இன்று இந்த ஆட்டத்தின் உயிர் என்று சிறுவர்கள் நினைக்கின்ற அந்தத் தட்டுதல், பந்து தரையில் படும்போது எழும் அந்தத் தாளம், நெய்ஸ்மித்தின் எண்ணத்திலேயே இருக்கவில்லை. ஓடக்கூடாது என்ற விதியில் அகப்பட்ட வீரர்கள், பந்தைக் கைவிட்டுவிட்டு மறுபடி பிடித்தால் குற்றமில்லையே என்று கண்டுபிடித்த குறுக்குவழிதான் அது. 1890களின் பிற்பகுதியில் யேல் பல்கலைக்கழக அணியினர் அதை ஒரு உத்தியாக வளர்த்தனர் என்பர். ஆனால் குறுக்குவழிக்குப் பந்து ஒத்துழைக்கவேண்டுமே. ஒத்துழைக்கவில்லை. ஏன் என்பதற்குப் பந்தின் வயிற்றைத் திறந்து பார்க்கவேண்டும்.

முதன்முதலாகக் கூடைப்பந்து என்றே செய்யப்பட்ட பந்து 1894 இல் விற்பனைக்கு வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அயலூரான சிக்கோபியில் ஸ்பால்டிங் கொம்பனியின் தொழிற்சாலை இருந்தது. நெய்ஸ்மித் அவர்களிடம் கேட்டுச் செய்வித்தார் என்பது அக்கொம்பனி சொல்லிவரும் வரலாறு. சைக்கிள் செய்துகொண்டிருந்த ஓவர்மன் கொம்பனியும் அதே ஊரில் இந்தப் பந்தைச் செய்தது. றப்பர் குழாயில் காற்றடைக்கத் தெரிந்தவனுக்குப் பந்து செய்வது தூரமான தொழில் அல்லவே. சுற்றளவு ஏறக்குறைய 32 அங்குலம். உதைபந்தைவிட நான்கு அங்குலம் பெரிது. வெளியே தோல், உள்ளே றப்பர்ப் பை.

அந்தப் றப்பர்ப் பைக்குப் பெரியதொரு பூர்வீகம் இருக்கிறது. மெக்சிக்கோவின் எல் மனாட்டி என்ற இடத்துச் சேற்றில் அகழ்ந்தெடுத்த றப்பர்ப் பந்துகள் கி.மு. 1600 அளவுக்குப் பழையவை. அந்த நாட்டு மக்கள் ஒருவகை மரத்தின் பாலோடு ஒரு கொடியின் சாற்றைக் கலந்து, துள்ளும் றப்பரைச் செய்யக் கற்றிருந்தார்கள். ஐரோப்பியருக்கு அந்த வித்தை கிடைக்க 1839 வரை செல்லவேண்டியிருந்தது. அவ்வாண்டு சார்ள்ஸ் குட்இயர் கந்தகம் கலந்த றப்பரைச் சூடாக்கி, வெயிலில் உருகாத, குளிரில் வெடிக்காத பொருளாக மாற்றினார். அதுவும் இதே மசாசூசெற்ஸ் மாநிலத்தில்தான். அதற்கு முன் பந்துக்குள் இருந்தது பன்றியின் மூத்திரப்பை. இங்கிலாந்தின் றக்பி ஊரில் காலணியும் பந்தும் செய்துவந்த ரிச்சர்ட் லிண்டன் என்பவரின் மனைவிக்கு அந்தப் பைகளை வாயால் ஊதி நிரப்புவது வேலை. நோயுற்ற பன்றிகளின் பைகளை ஊதியே அவர் நெஞ்சு நோய்ப்பட்டு இறந்தார் என்று கூறப்படுகிறது. 1862 அளவில் லிண்டன் றப்பர்ப் பைக்கு மாறினார். அதை நிரப்பப் பித்தளைப் பம்பு ஒன்றையும் செய்தார். இன்று பந்துக்குக் காற்றடிக்கும் ஒவ்வொருவரும் அந்த அம்மையாருக்குக் கடன்பட்டவர்கள்.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. ஸ்பால்டிங் என்ற பந்துவீச்சாளர் சிக்காகோவில் விளையாட்டுப் பொருட் கடையைத் திறந்த அதே 1876 ஆம் ஆண்டில், ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த றப்பர் விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைவிட்டன. அந்தக் கன்றுகளில் ஏறக்குறைய 1,900 கண்ணாடிப் பேழைகளில் வைக்கப்பட்டுக் கொழும்புக்குக் கப்பலேறின. கம்பகாவுக்கு அண்மையில் உள்ள ஹெனரத்கொடை பூங்காவில் அவை நடப்பட்டன. ஆசியாவின் றப்பர்த் தோட்டங்களுக்கு அதுதான் நாற்றுமேடை. இதை வைத்துக்கொண்டு முதலாவது கூடைப்பந்துக்குள் இருந்தது இலங்கை றப்பர் என்று எழுதிவிட ஆசைதான். எழுதினால் அது பிழை. 1894 இல் உலகத்து றப்பரில் மிகப் பெரும்பகுதி அமேசன், கொங்கோ காடுகளிலிருந்து வந்தது. நமது தோட்டங்கள் கணக்கில் சேர்ந்தது அடுத்த நூற்றாண்டில்தான்.

1979 இல் செய்தி சேகரிக்கக் களுத்துறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். விடியுமுன் பால்வெட்டத் தொடங்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையில் சரிவாக ஒரு கீறல், அதன் அடியில் சிரட்டை. கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம். அங்கே பால்வெட்டிய ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: "ஐயா, இதெல்லாம் எங்க போவுது? இத வச்சு என்னதான் செய்றாங்க?" டயர் செய்கிறார்கள் என்றேன். ஆயுள் முழுவதும் வெட்டிய பாலுக்கு நான் கொடுத்த விடை ஒரு சொல். அவருடைய பேரப்பிள்ளைகள் லயத்து முற்றத்தில் ஒட்டுப்பாலைச் சுருட்டிச் செய்த உருண்டையை எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தும் பந்து என்ற சொல் என் வாயில் வரவில்லை.

மீண்டும் சிக்கோபிக்கு வருவோம். அந்தப் பழைய பந்தில் காற்றடைப்பது ஒரு சடங்கு. தோலின் ஒரு பக்கத்தில் வாய்போல ஒரு பிளவு. அதன் வழியாக உள்ளேயிருக்கும் பிளாடரின் கழுத்தை வெளியே இழுத்துக் காற்றடிக்கவேண்டும். பிறகு கழுத்தை மடித்து நூலால் இறுக்கிக் கட்டி, தோலுக்கு உள்ளே தள்ளி, சப்பாத்துக்குக் கட்டுவதுபோலத் தோல்நாடாவைக் கோத்து இழுத்து மூடவேண்டும். மூடிய இடம் புடைத்து நிற்கும். பந்து அந்தப் புடைப்பில் விழுந்தால் எந்தத் திசையில் போகும் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. தட்டிக்கொண்டு ஓடுவதற்குப் பந்து ஒத்துழைக்கவில்லை என்று சொன்னது இதைத்தான். வீரர்கள் அதனால் பெரும்பாலும் கைக்குக் கை மாற்றியே ஆடினார்கள். நாடா இல்லாத பந்து 1930களில் வந்தது; அச்சில் வார்த்த பந்து 1940களில் வந்தது. 1948-49 பருவத்தில் அதுவே அதிகாரபூர்வப் பந்தாயிற்று. சுற்றளவும் 30 அங்குலமாகச் சுருங்கியிருந்தது. தரையில் எங்கே போட்டாலும் ஒரேபோல எழும்புகின்ற பந்து கிடைத்த பின்னரே இன்று நாம் காணும் ஆட்டம் பிறந்தது என்பது என் கருத்து. விதிப்புத்தகம் மாற்றியதைவிடத் தொழிற்சாலை மாற்றியது அதிகம்.

இதற்குச் சான்றாக ஒரு நாளைச் சொல்லலாம். 1936 ஓகஸ்ட் 14. பேர்லின் ஒலிம்பிக்கில் முதன்முறையாகக் கூடைப்பந்தாட்டம். இறுதி ஆட்டத்தை வெளியே, ரெனிஸ் ஆடும் மண் தரையில் வைத்தார்கள். கொட்டியது மழை. தரை சேறாகியது. நனைந்த தோற்பந்து சேற்றில் விழுந்து அங்கேயே இருந்துவிட்டது. தட்டுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்கா 19, கனடா 8. ஒரு முழு ஆட்டத்துக்கு இவ்வளவுதான் புள்ளிகள். எழுபத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்த நெய்ஸ்மித் அங்கே இருந்தார். தாம் பிறந்த நாடும் தாம் வாழ்ந்த நாடும் தாம் கண்டுபிடித்த ஆட்டத்தைச் சேற்றில் நின்று ஆடியதைக் கண்ட பெருமை அவருக்கு. மூன்றாண்டுகளில், 1939 இல், காலமானார்.

இனி நான் மறைத்ததைச் சொல்லவேண்டும்.

1961 இல் யாழ்ப்பாணத்தில் நான் படித்த பாடசாலையில் கூடைப்பந்து என்று இருந்தது ஒன்றே ஒன்று. பாடசாலையின் பெயர் வேண்டாம். உலகம் நாடாவைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தும் எங்களிடம் இருந்தது நாடா கட்டிய தோற்பந்துதான். எங்கள் பி.ரி. மாஸ்டர் சென்னை சைதாப்பேட்டையில் உள்ள வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்றவர். அந்தக் கல்லூரியை 1920 இல் தொடங்கிய ஹரி குரோ பக் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். ஆக, நெய்ஸ்மித்தின் மாடிக் கைப்பிடியிலிருந்து எங்கள் வேப்பமரத்தடி மைதானம் வரை ஒரு குரு பரம்பரை இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. பந்தைப் பராமரிக்கும் பொறுப்பை மாஸ்டர் என்னிடம் ஒப்படைத்திருந்தார். ஆட்டத்தில் நான் சுமார். அணியில் என்னை வைத்திருக்க அவர் கண்டுபிடித்த வழி அது.

அயற் பாடசாலையோடு ஆட்டத்துக்கு முதல்நாள் மாலை, பயிற்சி முடிந்து பந்தை மைதானத்திலேயே மறந்து விட்டுவிட்டுப் போனேன். ஐப்பசி மழை. நினைவு வந்து ஓடிப்போய் எடுத்தபோது பந்து தண்ணீர் குடித்த பூசணிக்காய்போலப் பாரமாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மா சமையலை முடித்து எழுந்ததும், அடுப்பு மேடையில் தணலுக்கு அருகே வைத்தேன். விடியற்காலையில் காய்ந்திருந்தது, ஆனால் சுருங்கிச் சொரசொரத்துப் போயிருந்தது. சுருக்கத்தை எடுக்க வழி காற்றுத்தான் என்று நினைத்தேன். அண்ணரின் சைக்கிள் பம்மை எடுத்து, விரலால் அமத்தினால் கொஞ்சமும் பதியாத அளவுக்கு அடித்தேன். சுருக்கம் போயிற்று. பந்தை மேசையில் உருட்டியபோது அது நேரே போகாமல் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து போனது. கண்டேன். கண்டும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

எங்கள் அணியில் பந்தைத் தட்டி ஓடத் தெரிந்தவன் ஒருவன்தான். என் வகுப்புத் தோழன். நாடாப் பந்தையே நாடா மேலே வரும்படி பார்த்துத் தட்டுகின்ற கை அவனுடையது. அன்றைக்கு இரண்டு தடவை பந்து அவன் கையை விட்டுக் கோட்டுக்கு வெளியே போனது. ஒரு தடவை அவன் காலிலேயே பட்டு எதிரணிக்காரனிடம் போனது. மூன்று புள்ளிகளால் தோற்றோம். மாஸ்டர் அவனை அடுத்த ஆட்டத்தில் இறக்கவில்லை. பையன்கள் அவனுக்குப் 'பந்து நில்லாதவன்' என்று பட்டம் வைத்தார்கள். பந்தைக் கையில் எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் வாய் திறக்கவில்லை.

அன்று நான் செய்தது என்ன என்பதை, பந்து எப்படிச் செய்யப்படுகிறது என்று படித்தபோதுதான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். இன்றைய பந்து நான்கு அடுக்குகளால் ஆனது. நடுவில் பிளாடர். றப்பருடன் கந்தகமும் கரித்தூளும் பிறவும் சேர்த்து உருளைகளுக்கிடையே பிசைந்து, தகடாக்கி, வெட்டி, வால்வைப் பொருத்தி, சூடான அச்சுக்குள் ஊதி உருண்டையாக்குகிறார்கள். அதன்மேல் நூல். காற்றடைத்த பிளாடரை ஓர் இயந்திரம் எல்லாத் திசையிலும் திருப்பித் திருப்பி, பசையூட்டிய நைலோன் நூலைக் கிலோமீற்றர் கணக்கில் சுற்றுகிறது. பந்தின் இரகசியம் இந்த நூலில்தான் இருக்கிறது. காற்று எல்லாப் பக்கமும் ஒரே விசையில் தள்ளும். அதைத் தாங்குகின்ற சுவரும் எல்லாப் பக்கமும் ஒரே விசையில் இழுத்துப் பிடித்தால்தான் உருண்டை உருண்டையாக இருக்கும். ஓரிடத்தில் சுவர் தளர்ந்தால் அங்கே புடைக்கும். மலிவான பந்துகளில் நூலுக்குப் பதிலாகத் துணித் துண்டுகளை ஒட்டிவிடுவார்கள். சில மாதங்களில் பந்து முட்டையாவது அதனால்தான். நூலின்மேல் மீண்டும் றப்பர். அதில் எட்டு ஓடுகளுக்கான வரம்புகள். அந்த வரம்புகளுக்கு நடுவே தோலையோ செயற்கைத் தோலையோ கையால் ஒட்டி, அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். முழுவதும் றப்பரான பந்துக்கு ஒட்டும் வேலை இல்லை. மேலுறையும் அச்சிலேயே வெந்து ஒன்றாகிவிடும். உதைபந்தைப்போலக் கூடைப்பந்தை யாரும் தைப்பதில்லை. தைக்கிறார்கள் என்று நான் ஒருமுறை எழுதி அச்சாகியும் விட்டது, யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பிளாடருக்கான றப்பர் இப்போது பெரும்பாலும் மரத்திலிருந்து வருவதன்று. 1937 இல் அமெரிக்காவில் பெற்றோலியத்திலிருந்து பியூட்டைல் என்ற செயற்கை றப்பரைக் கண்டுபிடித்தார்கள். மரத்து றப்பர் நன்றாக இழுபடும். ஆனால் அதனூடு காற்று மெல்ல மெல்லக் கசிந்துவிடும். பியூட்டைலில் அக்கசிவு பத்தில் ஒரு பங்கு அளவே. எங்கள் காலத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் நாடாவைக் கழற்றிக் காற்றடித்தோம். பேரனின் பந்து வாரக்கணக்கில் தாங்குகிறது. 1942 இல் மலாயாவை ஜப்பான் பிடித்தபோது நேசநாடுகளுக்கு மிஞ்சிய பெரிய றப்பர்த் தோட்டங்கள் இலங்கையில்தான் இருந்தன. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பட்டை முழுவதையும் வெட்டிப் பாலெடுக்கச் சொன்னார்கள். அதே போர்தான் செயற்கை றப்பரையும் பெருந்தொழிலாக்கியது. நம் மரங்களைக் கொன்று வென்ற போர், நம் மரங்களுக்குப் போட்டியையும் பெற்றெடுத்தது.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். பந்து ஆதியில் தவிட்டு நிறம். பார்வையாளர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும் என்று பட்லர் பல்கலைக்கழகப் பயிற்றுநர் ரொனி ஹிங்கில் 1950களின் இறுதியில் செம்மஞ்சள் நிறத்தைக் கொண்டுவந்தார். ஜப்பானின் ஹிரோசிமா நகரத்து மோல்ரன் கொம்பனி 2004 இல் பன்னிரண்டு ஓடுகள் கொண்ட இருநிறப் பந்தைச் சர்வதேசப் போட்டிகளுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க என்.பி.ஏ. எட்டு ஓட்டுத் தோற்பந்தையே விடாமல் வைத்திருக்கிறது. 2006 இல் ஒருமுறை விட்டுப் பார்த்தார்கள். செயற்கைத் தோலால் ஆன புதிய பந்தை வீரர்களைக் கேளாமல் புகுத்தினார்கள். வியர்வையில் வழுக்குகிறது, விரலை வெட்டுகிறது என்று வீரர்கள் முறையிட்டார்கள். ரெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒன்றின் பௌதிகவியலாளர்கள் சோதித்து, பழையதைவிடக் குறைவாகவே துள்ளுகிறது என்றார்கள். 2007 தை முதலாம் திகதி பழைய தோற்பந்து திரும்பி வந்தது. அன்று செய்தியைத் தமிழாக்கி நாலு வரியில் பெட்டிச் செய்தியாகப் போட்டேன். உலகத்தின் தலைசிறந்த வீரர்கள் 'பிழை எங்கள் கையில் இல்லை, பந்தில் இருக்கிறது' என்று சொன்னபோது உலகம் நம்பியது. என் தோழனுக்கு அதைச் சொல்லவே தெரிந்திருக்கவில்லை.

காற்றுக்கு வருவோம். ஆண்கள் ஆடும் ஏழாம் இலக்கப் பந்தின் சுற்றளவு ஏறக்குறைய 75 முதல் 77 சென்ரிமீற்றர்; எடை 600 கிராம் அளவு. பெண்களின் ஆறாம் இலக்கம் சற்றுச் சிறிது. காற்று எவ்வளவு என்பது பந்திலேயே வால்வுக்கு அருகில் அச்சிட்டிருக்கும், என்.பி.ஏ. விதிப்படி சதுர அங்குலத்துக்கு 7.5 முதல் 8.5 இறாத்தல். அளவுமானி இல்லாதவர் பந்தின் அடி 1.8 மீற்றரில் இருக்கும்படி பிடித்து விழவிட்டால், அது ஒரு மீற்றரைச் சற்றுத் தாண்டி எழும்பவேண்டும். அதாவது வளர்ந்த ஆளின் தொப்புள் மட்டம். ஊசியைச் செருகுமுன் கிளிசரின் ஒரு துளி, அதுவும் இல்லாவிடில் தண்ணீர், தடவவேண்டும். உலர்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும். சரித்துச் செருகினால் பிளாடரையே குத்தும். காற்றைச் சிறிது சிறிதாக அடிக்கவேண்டும். மிகுதியாக அடித்தால் நூற்சுவர் இழுபட்டு, இழுபட்டது திரும்பாது. குறைவாக விட்டு ஆடினால் ஓடுகள் மடிந்து மடிந்து ஒட்டு விடும். பந்தின்மேல் உட்காருவது கூடாது, உதைக்கவும் கூடாது. உதைபந்தில்லாத நாளில் இதை யார் கேட்கிறார்கள்!

தோற்பந்து உள்ளரங்குக்கு மட்டும் உரியது. சீமெந்துத் தரை அதைத் தின்றுவிடும். நனைந்தால் உலர்ந்த துணியால் ஒற்றி, நிழலில், காற்றோட்டத்தில் விடவேண்டும். வெயிலும் அடுப்பும் ஆகா. ஈரத்தோல் சூட்டில் சுருங்கும்போது எல்லா இடமும் ஒரேயளவு சுருங்காது. தணலுக்கு அருகிலிருந்த பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் சுருங்கும். அந்த நிலையில் காற்றை அடித்தால் சுருங்கிய பக்கம் இழுபடாது. தளர்ந்த பக்கம் மட்டும் புடைக்கும். எங்கள் காலத்துப் பந்தில் அதைத் தடுக்க நூற்சுவரும் இல்லை. 1961 ஐப்பசியில் எங்கள் அடுப்படியில் நடந்தது இதுதான்.

அந்தத் தோழன் எழுபதுகளில் லண்டனுக்குப் போய்விட்டான். பிறகு அவனைக் கண்டது ஒரே தடவை, 1998 இல், அங்கே ஒரு கலியாண வீட்டில். தன் பிள்ளைகளுக்கு என்னை அறிமுகப்படுத்தினான். தன்னைப் பற்றிச் சொல்லும்போது, "உங்கட அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பேர் தெரியுமோ? பந்து நில்லாதவன்" என்று சொல்லிப் பலமாகச் சிரித்தான். பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொல்வதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி வராது என்று அந்த நேரத்திலேயே தெரிந்தது. சாப்பாட்டுக்கு அழைத்தார்கள்; போய்விட்டோம்.

எங்கள் பத்திரிகையில் தவறான செய்தி வந்தால் மறுநாள் அதே பக்கத்தில் திருத்தம் போடுவது வழக்கம். பெயரெழுத்தில் ஒரு கொம்பு மாறினாலும் போட்டிருக்கிறேன். அந்த வழக்கப்படி: 1961 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் நடைபெற்ற மேற்படி ஆட்டத்தில் பந்து உருண்டையாக இருக்கவில்லை. ஆட்டக்காரர் மீது தவறில்லை. பந்துக்குப் பொறுப்பாக இருந்தவர் இக்கட்டுரையாளர். அவனுடைய பெயரை எழுதவில்லை. அவன் அனுமதி என்னிடம் இல்லை. வாசித்தால் அவனுக்குத் தெரியும்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் பேரன் மறுபடி அழைத்தான். இங்கே இரவு, அங்கே இன்னும் பட்டப்பகல். பின்னேரம்வரை பொறுக்க அவனால் முடியவில்லை. "அம்மப்பா, காத்தே அடிக்கேல்லை. எழும்புது!" என்றான். குளிரில் பந்துக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் இறங்கும், வீட்டுச் சூட்டில் எட்டு இறாத்தலாக இருப்பது பூச்சியத்துக்குக் கீழே பதினைந்தில் ஐந்து ஆகிவிடும், றப்பரும் விறைத்துப்போகும், காற்று எங்கும் போகவில்லை என்று விளக்கத் தொடங்கினேன். அவன் கேட்கவில்லை. பலகைத் தரையில் பந்து விழும் சத்தம் தொலைபேசியில் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் அடிக்காதே என்று தாய் எங்கோ தூரத்தில் கத்தினாள்.